அசதயோபிரினா, மைக்கோஃபீனோலேட்டா? மாற்றுச் சிறுநீரகமும் ரத்தசோகையும்

சிறுநீரகம் மாற்றி மாதங்கள் ஓடிவிட்டன. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் நன்றாக இருக்கிறது, ஆனால் ஹீமோகுளோபின் மட்டும் 9, 10 என்றே நிற்கிறது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் அசையவில்லை என்றால், தினமும் போடும் மற்ற மாத்திரைகளைப் பார்க்க வேண்டும். புது உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் மருந்துகளே, ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையையும் அடக்கிவிடும். அசதயோபிரினும் மைக்கோஃபீனோலேட்டும் அப்படிப்பட்ட மருந்துகள்தான்.

அசதயோபிரின் 1960களிலிருந்து புழங்கும் மருந்து, விலையும் குறைவு. இதை எடுப்பவர்களின் ரத்த ரிப்போர்ட்டில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 100-ஐத் தாண்டி நிற்பதுண்டு. அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினாலுக்குத்தான். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர்களுக்கு யூரிக் அமிலம் ஏறுவது சகஜம். கால் பெருவிரல் வீங்கியதும், பழைய மருந்துச்சீட்டைப் பார்க்காத ஒரு டாக்டர் அலோபியூரினால் எழுதிவிட்டால் போச்சு. அசதயோபிரினைச் சிதைக்கும் நொதியை அது தடுப்பதால் மருந்து உடலில் தேங்கும். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் சரியும். யூரிக் அமிலத்துக்கான இன்னொரு மருந்தான ஃபெபுக்சோஸ்டாட்டும் இதே வேலையைச் செய்யும். இத்தனைக்கும் அசதயோபிரின், அலோபியூரினால் இரண்டுமே கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் என்ற மருந்து விஞ்ஞானிகளின் குழுவில் பிறந்தவை. அசதயோபிரினின் தாய்மருந்தான மெர்காப்டோபியூரின் சீக்கிரம் சிதையாமல் இருக்கத்தான் அலோபியூரினாலை முதலில் சோதித்தார்கள்.

இன்னொன்று, பரம்பரை. என்.யு.டி.டி.15 மரபணுவில் மாறுபாடு உள்ளவர்களுக்கு வழக்கமான அளவு அசதயோபிரினே மஜ்ஜையைப் படுக்க வைத்துவிடும். நம் தெற்காசியர்களிடம் இந்த மாறுபாடு அரிதல்ல. அசதயோபிரினைச் சிதைக்கும் இன்னொரு நொதியைப் பார்க்கும் டி.பி.எம்.டி. சோதனை மட்டும் செய்தால் இது பிடிபடாது.

மைக்கோஃபீனோலேட்டும் ரத்தத்தைக் குறைக்கும்தான், ஆனால் பெரும்பாலும் அளவைக் குறைத்தால் ஏறிவிடும். அலோபியூரினால் கண்ணியும் இதில் இல்லை. கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: கூடவே எடுக்கும் நிராகரிப்புத் தடுப்பு மருந்தை சைக்ளோஸ்போரினிலிருந்து டாக்ரோலிமஸுக்கு மாற்றும்போது, அதே அளவு மாத்திரையிலேயே ரத்தத்தில் மைக்கோஃபீனோலேட்டின் அளவு கூடிவிடும்.

ரத்தத்தை மட்டும் வைத்துச் சொன்னால் என் ஓட்டு மைக்கோஃபீனோலேட்டுக்கே. குழந்தை பெற நினைக்கும் பெண்ணுக்கு அது ஆகாது; கருவைப் பாதிக்கும். கருத்தரிக்கும் முன்பே, டாக்டர் மேற்பார்வையில், அசதயோபிரினுக்கு மாறிவிட வேண்டும்.

இன்னொரு நிராகரிப்புத் தடுப்பு மருந்தான சிரோலிமஸ் எடுப்பவர்களுக்கு எம்.சி.வி. குறைந்து, பார்ப்பதற்கு இரும்புச்சத்துக் குறைபாடு போலவே இருக்கும். கிருமித்தொற்று மருந்துகளான வால்கான்சிக்ளோவிர், கோட்ரைமாக்சசோல், ரத்த அழுத்த மருந்துகளான எனலாபிரில், லோசார்டான் ஆகியவற்றையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், சிறுநீரகமே போய்விடலாம். அப்புறம், ரெட்டிக்குலோசைட் (புதிதாக உருவான இளம் சிவப்பணு) எண்ணிக்கை அடிமட்டத்தில் கிடந்தால் மருந்தின் மேல் மட்டும் பழியைப் போடாமல், சிவப்பணு உற்பத்தியை முடக்கும் பார்வோ வைரஸ் பி19-க்கான சோதனையையும் டாக்டரிடம் கேளுங்கள்.