கோப்புப் பாதையில் இடைவெளி: மேற்கோளா, குறும்பெயரா, பட்டியலா?

சென்னை தம்புச் செட்டி தெருவில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்துக்கு நான் எழுதிக்கொடுத்த ஸ்கிரிப்ட், 'பில் ஆஃப் என்ட்ரி' என்ற ஃபோல்டரைத் தொட்டதும் நின்றுபோனது. பிடிஎஃப்களை இணைக்கும் நிரலுக்கு ஒரே பாதையாகச் சேரவேண்டியது, இடைவெளிதோறும் அறுபட்டு மூன்று துண்டுகளாகச் சேர்ந்திருந்தது. ஃபோல்டரின் பெயரை மாற்றலாம் என்றால், நாளைக்கு வேறொருவர் இடைவெளியோடு இன்னொன்றை உருவாக்குவார். விண்டோஸின் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரையோ நாம் தொடவே முடியாது.

ஒரு மாற்று வழி, நீண்ட பெயருக்கு விண்டோஸ் தானாகச் சூட்டும் குறும்பெயர். முதல் ஆறு எழுத்து, அலைக்குறி (~), ஓர் எண் என்று அமையும் இது, விண்டோஸ் 95-க்கு முந்தைய எட்டெழுத்து வழக்கத்தின் எச்சம். இதில் இடைவெளியே இல்லை என்பதால் பலருக்கு இது பிடித்திருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. குறும்பெயர் உருவாவதை டிரைவ் வாரியாக நிறுத்திவைக்க முடியும் என்பதோடு, ஒரே எழுத்துகளில் தொடங்கும் இரண்டு ஃபோல்டர்களில் எதற்கு 1, எதற்கு 2 என்பது அவை உருவான வரிசையைப் பொறுத்தது.

இரட்டை மேற்கோள் எளிது, ஆனால் அதை எழுதும் இடத்தைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது. பேட்ச் கோப்பில் (விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் கோப்பு), நிரலைத் திறக்கும் 'ஸ்டார்ட்' கட்டளைக்கு மேற்கோளிட்ட பாதையை மட்டும் கொடுத்தால், அது பாதையைச் சாளரத்தின் தலைப்பாக எடுத்துக்கொண்டு வெறும் கறுப்புத் திரையைத் திறக்கிறது. அதனால் முதலில் ஒரு வெற்று மேற்கோள் ஜோடியை வைக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் முன்னால் உம்மைக்குறி (&) இல்லையென்றால், மேற்கோளுக்குள் இருப்பது ஓடாமல் திரையில் அச்சாகிறது. பாதை பின்சாய்கோட்டில் (\) முடிந்தால், பல நிரல்கள் அதை அடுத்துவரும் மேற்கோளோடு சேர்த்துப் படித்து, அடுத்த உருப்படியையும் விழுங்கிவிடுகின்றன. (இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆனது.)

பைத்தான் மொழியில் பிற நிரல்களை ஓட்ட உதவும் சப்புராசஸில் நிரலையும் கோப்புகளையும் ஒரே வரியாகக் கோக்காமல், தனித்தனி உருப்படிகளாகப் பட்டியலில் கொடுத்தால் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் எழுவதில்லை. லினக்ஸில் அந்த உருப்படிகள் கட்டளை வரியைப் படித்துப் பிரிக்கும் ஷெல்லைத் தொடாமலே நிரலை அடைகின்றன. விண்டோஸ் ஒரே வரியைத்தான் ஏற்கும் என்பதால், தேவையான மேற்கோள்களைப் பைத்தானே இட்டுக் கோத்துவிடுகிறது. ஓரிரு வரி பேட்ச் கோப்புக்கு மேற்கோள் போதும். பெயர்கள் பிறர் கையிலிருந்து வருமென்றால் நான் பட்டியலையே தேர்வேன். ஆனால் பட்டியலின் வழியாகப் பேட்ச் கோப்பை அழைத்தால், பேட்ச் கோப்புகளை ஓட்டும் விண்டோஸ் ஷெல்லான சிஎம்டி தன் விதிப்படி அதை மறுபடி படிக்கும் என்பதால், அந்த அலுவலகத்தில் இணைப்பு நிரலின் எக்ஸ்இ கோப்பையே நேராக அழைக்கும்படி மாற்றிவைத்தேன்.