‘1997 வருஷத்து 7542’ என்று விற்ற பூஅர் வட்டு: 4,200 வெள்ளி போனது, நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

4,200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஒரே ஒரு தேயிலை வட்டுக்கு. பூஅர் என்பது சீனாவின் யூனான் மாநிலத்துத் தேயிலை, வட்டாக அழுத்தி ஆண்டுக்கணக்கில் பழுக்க விடுவார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அந்தக் கடை இன்னும் திறந்திருக்கிறது, அதே படம் இன்னும் விற்பனையில் இருக்கிறது. கடையின் பெயரைப் போடவில்லை. எல்லாரும் பயன்படுத்தும் இணையச் சந்தைச் செயலிகளில் ஒன்றில், ‘பழைய பூஅர், உலர் கிடங்குச் சரக்கு’ (ஈரம் ஏறாத கிடங்கில் மெல்லப் பழுத்தது) என்று விற்கும் கடை என்ற அளவில் தெரிந்துகொள்ளுங்கள். பழந்தேயிலை வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றைக் கடைசியில் வரிசையாகத் தருகிறேன்.

விற்றவர் எழுதியிருந்தது: 7542, ஷெங் (வோதுய் என்னும், குவித்து நனைக்கும் முறையில் புளிக்க வைக்காத பச்சை வகை), 1997, 357 கிராம், ஹாங்காங்கில் உலர் கிடங்கில் இருந்துவிட்டு மலேசியா வந்தது. 7542 என்பது யூனானில் உள்ள மெங்ஹாய் தேயிலை ஆலையின் கலவை எண். 75 கலவை உருவான ஆண்டு, 4 இலைத் தரம், 2 மெங்ஹாய் ஆலைக்கு உரிய எண். குன்மிங் ஆலைக்கு 1, சியாகுவான் ஆலைக்கு 3. வட்டு எந்த ஆண்டு அழுத்தப்பட்டது என்பது அந்த எண்ணில் கிடையாது. தொண்ணூறுகளின் உறையில் ‘ஜோங்’ என்ற சீன எழுத்து சிவப்பில் எட்டு முறை, நடுவில் பச்சையில் ‘ச்சா’ (தேயிலை) என்ற எழுத்து. தயாரித்த தேதியைத் தேடினால் கிடைக்காது. ஆகவே விற்கிறவர் வாயில் வரும் ஆண்டுதான் வட்டின் வயது. 1989 முதல் 1992 வரை வந்த 7542, ஹாங்காங்கில் உலர்வாகப் பாதுகாக்கப்பட்டு ‘88 சிங்’ என்ற பெயரில் என்ன விலைக்குப் போகிறது என்பது சேகரிப்பவர்களுக்குத் தெரியும். ‘அதே வம்சம், ஐந்தாறு வருஷம் இளையது’ என்றுதான் இந்த வட்டையும் விற்றார்.

நம்பிக்கை எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் இருக்கிறது. முதலில் 10 கிராம் மாதிரி அனுப்பினார். அது அசல். 110 மில்லி கைவானில் (மூடியுள்ள சிறு தேநீர்க் கிண்ணம்) 7 கிராம், கொதிநீர், ஒருமுறை அலசி ஊற்றிவிட்டு 8 விநாடி. தெளிந்த செம்பொன் நிறம், கற்பூர வாடை, நாக்கில் துவர்ப்பு தங்கவில்லை, விழுங்கிய பிறகு தொண்டையில் இனிப்பு எழுந்தது. பன்னிரண்டாவது ஊற்றலிலும் சுவை நின்றது. ஊறிய இலை செம்பழுப்பு, விரித்தால் விரிந்தது, இழுத்தால் நெகிழ்ந்தது. குறை சொல்ல எதுவும் இல்லை. 4,200 வெள்ளி கைமாறியது இதற்குப் பிறகுதான்.

வட்டு வந்த அன்றே ஒரு குரல்செய்தி: “பாஸ், இப்ப உடைக்காதீங்க. பயணத்துல தேயிலை கலைஞ்சிருக்கும். ரெண்டு வாரம் சும்மா வைங்க, அப்புறம் போடுங்க.” இந்த அறிவுரையில் தப்பே இல்லை. கொள்கலனிலும் லாரியிலும் வெப்பமும் ஈரமும் மாறி மாறிப் பட்ட வட்டு உடனே போட்டால் மந்தமாகத்தான் இருக்கும். 60 முதல் 70 சதவீத ஈரப்பதம் உள்ள, வேறு வாடை அண்டாத இடத்தில் இரண்டு வாரம் வைத்தால் மணம் திரும்பும். தேயிலை தெரிந்த யாரும் இதைத்தான் சொல்வார்கள். அந்தச் செயலியில் புகார் செய்யும் கெடு 15 நாள். 15 நாள் முடிந்ததும் பணம் தானாக விற்றவர் கணக்குக்குப் போய்விடும். தொழில் தெரிந்தவன் பேச்சு என்று நாம் மதிக்கிற ஒரு வார்த்தையை வைத்தே கெடுவைத் தாண்ட வைத்திருக்கிறார். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. தேயிலை தெரியாதவன் செய்யும் மோசடி வேறு. இது தெரிந்தவன் செய்தது.

உடைத்ததும் என்ன இருந்தது என்று கேளுங்கள். மேலே ஒரு விரல்நகக் கனத்துக்கு முனைமொட்டுள்ள நல்ல இலை. ஊசியை விளிம்பில் செருகி உயர்த்தினால் உள்ளே கருத்த தூளும் காம்பும். 7542இல் மேற்பரப்புக்குச் சிற்றிலையும் உடம்புக்கு நடுத்தர இலையும் வைப்பது உண்மையான வழக்கம்தான், அதனால் மேலும் உள்ளும் வேறாக இருப்பதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே இருந்தது வேறு தேயிலை. முதல் இரண்டு ஊற்றல் கிட்டத்தட்டக் கறுப்பான அடர் சிவப்பு, அதுவும் கலங்கல். மூன்றாவதில் நிறம் சரிந்தது. நான்காவதிலிருந்து நாக்கை உலர்த்தும் பச்சைக் கசப்பு, தொண்டையில் அரிப்பு. ஈரச்சுவர் வாடை மட்டும் கடைசிவரை போகவில்லை.

காரணம் ஊறிய இலையில் தெரிந்தது. பாதி, ஷோ இலை, அதாவது வோதுய் முறையில் புளிக்க வைத்த வகை. 1973இல் குன்மிங்கில் உருவான வோதுய் முறையில் இலையைக் குவித்து, நீர் தெளித்து, மூடி, 50 முதல் 60 டிகிரிச் சூட்டில் நுண்ணுயிர்களை வேலை செய்ய விடுவார்கள். ஆறேழு வாரத்தில் இலை கறுத்து அதன் திசு உடைந்துவிடும். அப்படிப்பட்ட இலையை விரலால் விரிக்க முடியாது. கரிபோல விறைத்திருக்கும், அல்லது பிசைந்தால் குழையும். மீதிப் பாதி சில வருஷமே ஆன ஷெங், பச்சையும் பழுப்புமாக, தோல் போல வழவழப்பாக. இரண்டையும் கலந்து, அழுத்தி, ஈரக் கிடங்கில் சில மாதம் வைத்தால் நிறமும் பழவாடையும் வந்துவிடும். ஷோ இலையின் சாயம் முதல் ஊற்றல்களிலேயே தீர்ந்துபோகிறது, அதன்பின் இளம் ஷெங்கின் கசப்பு தனியாக வெளியே வருகிறது. இருபத்தைந்து வருஷம் பழுத்த ஷெங் ஒருநாளும் இப்படி நடந்துகொள்ளாது.

உறையும் பொய். உண்மையான பழைய உறையில் தேயிலையின் கறை உள்ளிருந்து வெளியே, இலை தொட்ட இடங்களில் திட்டுத்திட்டாக வரும். இதில் சாயம் மடிப்புகளிலும் ஓரங்களிலும் தேங்கி, நீர் காய்ந்த கோடு விட்டிருந்தது. தேநீரில் நனைத்த தாள். நெய்ஃபெய், அதாவது வட்டுக்குள் பதித்து அழுத்தும் சின்னச் சீட்டு, இலைக்கடியிலிருந்து பிரித்தால் இலையின் தடம் அதில் இருக்க வேண்டும், வட்டிலும் குழி இருக்க வேண்டும். இங்கே இரண்டு பக்கமும் ஒரே பழுப்பு. பின்னால் செருகி ஒட்டியிருக்கிறார்கள்.

விற்றவரிடம் படங்களோடு கேட்டதற்கு முதல் பதில்: “தண்ணி சரியில்லை பாஸ்.” அதே தண்ணீரில் மிச்சமிருந்த 3 கிராம் மாதிரியையும் வட்டின் 3 கிராமையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் படம் அனுப்பினேன். அடுத்த பதில், அது ஹாங்காங் கிடங்கு வாசம், காற்றாட வைத்தால் போய்விடும் என்று. கிடங்கு வாசம் காற்றாட விட்டால் குறையும், உண்மை. ஆனால் உலர் கிடங்கு என்று எழுதி விற்றது யார்? காற்றாட விட்டால் ஷோ இலை ஷெங் ஆகிவிடுமா? அதன்பிறகு சுவை ஆளுக்கு ஆள் மாறும் என்றார். கடைசியாக, உடைத்த வட்டைத் திரும்ப வாங்க மாட்டோம் என்றார். உடைக்காமல் உள்ளே இருப்பதை எந்தக் கண்ணால் பார்ப்பது? இப்போது செய்திகளைப் படிக்கிறார், பதில் இல்லை.

செயலி நிறுவனம் இதைவிட மோசம். முதலில் தானியங்கி அரட்டை, பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு புதிய அதிகாரி, ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். விளம்பரப் படத்தில் இருப்பதும் வந்ததும் ஒன்றுபோல் இருக்கின்றனவாம். கெடு முடிந்துவிட்டதாம். ஆறுதலுக்கு 20 வெள்ளி தள்ளுபடிச் சீட்டு. 4,200 வெள்ளிக்கு 20 வெள்ளி! அந்தக் கடைக்கு நட்சத்திரம் குறையவும் இல்லை, விமர்சனம் எழுதும் வசதியும் கெடுவோடு மூடிவிட்டது.

வரிசையாகத் தருகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மாதிரி நன்றாக இருந்ததால் வட்டும் நன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். மாதிரியை வாங்கப்போகும் அதே வட்டிலிருந்து, படம்பிடித்துக்கொண்டே வெட்டித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். வட்டு வந்ததும் பெட்டி திறப்பதிலிருந்து எடை போடுவது வரை ஒரே காணொளியாக எடுங்கள். ஓய்வெல்லாம் பிறகு. அன்றே விளிம்பில் அல்ல, நடுக்குழிக்குப் பக்கத்தில் 5 கிராம் எடுத்துப் போட்டு, ஊறிய இலையை வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். மணம் மந்தமாக இருந்தாலும் இலை பொய் சொல்லாது. தொண்ணூறுகளின் வட்டு என்று சொல்லி உறையில் கியூஎஸ் முத்திரை (சீன அரசின் உணவுத் தர முத்திரை) இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள், அந்த முத்திரை தேயிலைக்கு வந்ததே 2000க்குப் பிறகு. பூசணத்தைக் காட்டி ‘தங்கப் பூ’ (சில தேயிலைகளில் விரும்பி வளர்க்கும் மஞ்சள் பூசணம்) என்பவரிடம் வாங்காதீர்கள்.

மலேசியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை மனுப் போடலாம், கட்டணம் 5 வெள்ளி. ஆனால் மனுவில் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். இந்தக் கடையின் ரசீதில் நிறுவனப் பதிவு எண் இல்லை, செயலி நிறுவனமோ விற்பவர் விவரத்தைத் தர மறுக்கிறது. காசு கட்டுவதற்கு முன்னாலேயே பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.