வால்வு அம்ப்புக்கு வாக்கப்பட்டு மூண்டு வருசம்

ஒட்டுசுட்டானில இருந்து சிநேகிதன் ஒருத்தன் போன் எடுத்தான், மச்சான் உன்னட்ட இருக்கிற மாதிரி வால்வு அம்ப் ஒண்டு விலை குறைச்சுத் தாறாங்கள், வேண்டட்டோ எண்டு. வால்வு அம்ப் எண்டா கண்ணாடிக் குழாய் வால்வு வைச்சுப் பாட்டின்ர சத்தத்தைக் கூட்டுற பழைய காலத்துப் பெட்டி. நான் அப்பதான் மூண்டாந்தரம் திருத்திப்போட்டு மூடிக்கு ஆணி பூட்டிக்கொண்டிருந்தனான், வாயில நல்ல வார்த்தை வரேல்ல. இப்ப ஆறுதலா எழுதுறன்.

என்ரதில இஎல் 84 எண்ட வால்வு பக்கத்துக்கு ரெண்டு, ஒண்டு தள்ள மற்றது இழுக்கிற புஷ்புல் முறை, 12 வாட்ஸ். 12 வாட்ஸோ எண்டு சிரிக்காத. வாட்ஸை ரெட்டிப்பாக்கினாலும் 3 டெசிபல்தான் கூடும், கிளிநொச்சியில என்ர விறாந்தைக்கு உது காணும் காணும்.

முதல் கூத்து ஸ்பீக்கரால வந்தது. பெட்டி ரெண்டும் பழசு, வித்தவனிட்ட எட்டு ஓமோ (ஸ்பீக்கரின்ர எதிர்ப்பு அளவு) எண்டு கேட்டன், ஓம் எண்டான். அவன் எந்த ஓமைச் சொன்னவன் எண்டு ஆறு மாசத்துக்குப் பிறகுதான் விளங்கினது. மீற்றரை வைச்சுப் பாத்தா 3.4. மீற்றர் காட்டுறது டீசி எதிர்ப்பு மட்டும்தான், பாட்டு ஓடேக்க இருக்கிற எதிர்ப்பான இம்பீடன்ஸ் இல்ல, ஆனாலும் 8 ஓம் ஸ்பீக்கர் எண்டா 6க்குக் கிட்டக் காட்டோணும். ஆக என்ரது 4 ஓம். அதை அம்ப்பில 8 எண்டு எழுதின முனையில பூட்டினா, நடுவில இருக்கிற அவுட்புட் ரான்ஸ்போமருக்குள்ளால வால்வு காணுற லோட் பாதியாப் போகும், 8000 ஓம் இருக்கவேண்டிய இடத்தில 4000, வால்வு கூட இழுக்கும், சத்தமும் கம்மிக் கரகரத்து வரும். வயரைக் கழட்டி 4ல பூட்டிப்போட்டு ஒரு தவில் தனியாவர்த்தனம் போட்டன் பார், அதுவரைக்கும் தொளதொளத்துக்கொண்டிருந்த தொப்பிப் பக்கம் அப்பிடியே இறுகிச்சு. மனிசியே குசினியால எட்டிப் பாத்தவ.

இன்னொண்டு, ஸ்பீக்கர் பூட்டாம உதைப் போடவே கூடாது. சாதாரண அம்ப் தாங்கும், உது தாங்காது, அவுட்புட் ரான்ஸ்போமரில வோல்ட் எகிறி இன்சுலேசன் போயிடும். ஒருக்காச் சின்னவன் வயரை உருவிப்போட்டு விளையாடினவன், எனக்குச் சீவனே போட்டுது.

இதெல்லாம் பொறுப்பன். அந்த வொலியூம் திருகி இருக்கே, அதைத்தான் பொறுக்கேலாது. முந்தித் திருத்தின ஆரோ ஒரு புண்ணியவான் 100 கே ஓம் லொக் திருகி இருந்த இடத்தில லீனியரைப் போட்டுவிட்டிருக்கிறார். லொக் எண்டா தொடக்கத்தில மெள்ள ஏறிப் பேந்து வேகமா ஏறும், காதுக்கு அதுதான் சீராக் கேக்கும்; லீனியர் எண்டா சுத்துற அளவுக்கே வோல்ட் ஏறும். டீவீடி பிளேயரில இருந்து 2 வோல்ட் வருது, அம்ப்புக்கு அரை வோல்டே காணும், நீ திருகியை மணிக்கூட்டில 8ல இருந்து 9க்குக் கொண்டுபோக முதலே இரணைமடு வான்கதவு திறந்த மாதிரிப் பாயும். மிச்சச் சுத்தெல்லாம் சும்மா வடிவுக்கு. ராத்திரி அம்மா படுத்தாப் பிறகு நகத்தால நூலளவு தள்ளி, கூடி, திருப்பித் தள்ளி, கடைசியில நிப்பாட்டிப்போட்டுப் படுக்கிறதுதான் வழக்கம். சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்தி றேடியோ கேட்ட ஊரில, 230 வோல்ட் கறண்டை வைச்சுக்கொண்டு இந்தச் சீரழிவு.

பேந்து கொழும்பில இருந்து லொக் திருகி ஒண்டு எடுப்பிச்சுப் போட்டன். நல்லாத்தான் ஏறுது, ஆனா மலிவுச் சாமான், ரெண்டு பக்கமும் ஒண்டா ஏறாது, சத்தம் குறைய வைச்சா இடப்பக்கம் மட்டும் பாடும், வலப்பக்கம் நித்திரை. நாதஸ்வரக்காரர் ரெண்டு பேரில ஒருத்தர் வீட்ட போன மாதிரி.

மூண்டாந்தரம் பழைய லீனியரையே திருப்பிப் போட்டு, ரெண்டு பக்கத்துக்கும் திருகியின்ர நடுக்காலில இருந்து எர்த்துக்கு 15 கே ரெசிஸ்டர் ஒவ்வொண்டு சோல்டர் பண்ணினன். நட்டநடுவில வைச்சா முந்தி பாதி வோல்ட் போனது, இப்ப ஐஞ்சில ஒண்டும் போகாது. லீனியர் எண்டதால ரெண்டு பக்கமும் ஒண்டாவே ஏறுது. ஒரு பிளேன்ரீக் காசுச் சாமான், மூண்டு வருசம் என்ர நித்திரையைத் திண்டது.

சத்தம் எப்பிடி எண்டு கேட்டா, குரல் வாற வடிவுக்கு நான் வேற ஒண்டும் கேக்கமாட்டன். மாரியில ஈசல் வந்து வால்வில விழுந்து பொசுங்குற மணத்தையும் சேத்துத்தான் சொல்லுறன்.

எண்டாலும் நீ வேண்டாத மச்சான். உனக்குப் பொறுமை இல்ல, மீற்றரும் இல்ல. அது சரி, என்ன விலை சொன்னவங்கள்? நீ எடுக்கேல்ல எண்டா ஞாயிற்றுக்கிழமை நான் ஒருக்கா வந்து பாக்கிறன், முதல்ல அந்தத் திருகியைச் சுத்திப் பாத்துச் சொல்லு.