மார்கழி விடியலில் ஏடிவி: சோக் வண்டியா, எஃப்ஐ வண்டியா?

வேலூரை ‘வெயிலூர்’ என்று கிண்டல் செய்பவர்கள் ஒரு மார்கழி விடியலில், முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்த ஏலகிரிக்கு வந்து பார்க்க வேண்டும். 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே மாமாவின் தோட்டம். அங்கே உர மூட்டையும் பலாவும் இழுக்க இரண்டு ஏடிவி, அதாவது காடுமேட்டில் ஓடும் நாலு சக்கர வண்டிகள், நிற்கின்றன. ஒன்று பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்ப்பரேட்டர் வைத்த பழசு, இன்னொன்று இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்ஐ. குளிரில் எது நம்பகம் என்பதில் மாமாவுக்கும் எனக்கும் தீராத வழக்கு.

குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி கிடைக்க, கலவையில் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். பழசில் அதை நம் கை செய்கிறது, புதுசில் கம்ப்யூட்டர்.

போன வருஷம் பழசோடு நான் பட்ட பாடு! பெட்ரோலைக் கூட்டும் சோக் லிவரை இழுத்துவிட்டு, கட்டைவிரலால் ஆக்ஸிலேட்டரையும் அமுக்கிக்கொண்டு ஸ்டார்ட் கயிற்றை இழுக்கிறேன், இழுக்கிறேன், தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். மாமா டீ டம்ளரோடு வந்தார். “இன்னா மாப்ள, விரலை எடு மொதல்ல!” எடுத்தேன். மூன்றாவது இழுப்பில் இருமிக்கொண்டு எழுந்தது.

காரணம் இதுதான். சில வண்டிகளில் சோக் என்பது காற்று வழியை மூடும் தகடு. மாமா வண்டியில் அது இல்லை. லிவரை இழுத்தால் ஒரு சின்ன பிளஞ்சர் எழும்பி, பெட்ரோலுக்குத் தனி வழி திறக்கும். அந்த வழியாகப் பெட்ரோலை உறிஞ்சுவது எஞ்சின் பக்கத்து வெற்றிடம். ஆக்ஸிலேட்டரைத் திறந்தால் வெற்றிடம் குறைந்துவிடும், அப்புறம் லிவரை இழுத்தும் பயனில்லை. எஞ்சின் கொஞ்சம் சூடானதும் லிவரைத் தள்ளிவிட வேண்டும். மறந்தால் பிளக்கில் கரி பிடிக்கும்.

எஃப்ஐயில் இந்த வித்தை எதுவும் வேண்டாம். சாவியைத் திருப்பினால் பம்ப் ‘ஸ்ஸ்’ என்று இரண்டு மூன்று விநாடி ஓடும். அது நின்ற பிறகு செல்ஃப் அடித்தால் போதும். எஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் சொல்ல, பெட்ரோல் அளவை வண்டியே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். மைனஸ் இருபது டிகிரி கனடாவில் என்றால் நானே மறுபேச்சின்றி எஃப்ஐக்குத்தான் கை தூக்குவேன்.

ஆனால் பம்ப், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாமே பேட்டரியை நம்பித்தான். மூன்று வாரம் சும்மா நின்ற வண்டியில் பட்டனை அமுக்கினால் ‘டிக் டிக்’ மட்டும்தான் வரலாம். குளிரும் சேர்ந்தால் பேட்டரி இன்னும் சோர்ந்துபோகும். பைக் மாதிரி தள்ளி ஸ்டார்ட் செய்யலாமே என்றால், பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் ஏடிவியில் பொதுவாக அது நடக்காது. எஞ்சின் ஓடினால்தான் பெல்ட் பிடிக்கும்.

பழசின் எதிரி வேறு. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், அது ஈரத்தை இழுக்கும். கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் வாரக்கணக்கில் தேங்கினால் ஸ்லோ ஜெட் என்ற நுண்துளை அடைத்துக்கொள்ளும். அதனால் நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துவது மாமாவின் பழக்கம். எஃப்ஐயில் இந்தத் தொல்லை குறைவு.

ஆயில் விஷயத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். 10டபிள்யூ-40இல் உள்ள அந்த 10டபிள்யூ, மைனஸ் 25 டிகிரி குளிர்ச் சோதனையைத் தாண்டிய அடையாளம். ஏலகிரிக் குளிர் அதற்கெல்லாம் கிட்டவே வராது. வண்டியோடு வந்த புத்தகம் சொல்வதை ஊற்றுங்கள்.

தினமும் ஓட்டுபவருக்கு எஃப்ஐ, சந்தேகமே இல்லை. மாதம் ஒருமுறை மலையேறும் என்னைப் போன்றவருக்குக் கயிறு உள்ள பழசுதான். போன தடவை போனபோது, எஃப்ஐயின் பேட்டரி திண்ணையில் சார்ஜரோடு கிடந்தது. அத்தை பழசைக் கிளப்பிக்கொண்டு பால் ஊற்றப் போயிருந்தார்.