இடுப்பு மூட்டுப் பீங்கான்கள்: அலுமினா, சிர்கோனியா, இரண்டின் கலவை

செயற்கை இடுப்பு மூட்டின் பந்தாகப் பொருத்தப்படும் பீங்கான், உடலின் ஈரத்திலும் 37 டிகிரி வெப்பத்திலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சுமை தாங்க வேண்டியது. ஆகவே, சூளையிலிருந்து வந்த புதிதில் அதன் வலிமை எவ்வளவு என்பதைவிட, தண்ணீர் அதை என்ன செய்யும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று நான் கருதுகிறேன்.

1970இல் பிரான்சில் அறுவை மருத்துவர் பியேர் பூத்தான் பயன்படுத்தத் தொடங்கிய அலுமினா (அலுமினியம் ஆக்சைடு), இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை தருகிறது. அதன் படிக அமைப்பு ஈரத்தால் மாறுவதில்லை. தேய்மானமும் மிகக் குறைவு. ஆனால் அது எளிதில் உடையக்கூடியது. படிகத் துகள்களைச் சிறிதாக்கியும் நுண்துளைகளை நீக்கியும் பிற்காலத்தில் அதன் வலிமையை உயர்த்தினார்கள் என்றாலும், ஒரு விரிசல் தொடங்கிவிட்டால் அதைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் அதனுள் இல்லை.

இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) சேர்த்த சிர்கோனியாவில் (சிர்கோனியம் ஆக்சைடு) அந்த ஏற்பாடு உண்டு. விரிசலின் முனையில் இழுவிசை படும்போது, அங்குள்ள நாற்கோணப் படிகங்கள் ஒற்றைச்சரிவு வடிவத்துக்கு மாறி ஏறத்தாழ 4 விழுக்காடு பருத்து, விரிசலை நெருக்கி மூடுகின்றன. 1975இல் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ ஆகியோர் விளக்கிய இந்த உருமாற்றத்தால், சிர்கோனியாவின் வளைவு வலிமை அலுமினாவினுடையதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகிறது. துயரம் என்னவென்றால், விரிசலே இல்லாத மேற்பரப்பிலும் நீர் மூலக்கூறுகள் அதே உருமாற்றத்தைத் தூண்டிவிடுகின்றன. ஒரு துகள் பருத்தால் பக்கத்துத் துகளில் அழுத்தம் ஏறுகிறது, நுண்விரிசல் பிறக்கிறது, அதன் வழியே நீர் இன்னும் உள்ளே இறங்குகிறது. 134 டிகிரி நீராவியில் ஒரு மணி நேரம் வைப்பது, உடலுக்குள் மூன்று நான்கு ஆண்டுகள் இருப்பதற்குச் சமம் என்று மதிப்பிடப்படுகிறது. இவ்வகைப் பந்துகளை மீண்டும் நீராவியில் கிருமி நீக்கம் செய்யக் கூடாது என்று எச்சரிக்கப்பட்டதும் இதனால்தான்.

1998இல் ஒரு பிரெஞ்சு நிறுவனம் புரோசிர் என்ற தன் சிர்கோனியாப் பந்துகளைச் சுட, ஒவ்வொரு தொகுதியாகச் சுடும் சூளைக்குப் பதிலாக, பந்துகள் நகர்ந்தபடியே சுடப்படும் சுரங்கச் சூளையைக் கொண்டுவந்தது. அப்படிச் சுட்ட சில தொகுதிகளில் நூற்றுக்கணக்கான பந்துகள் நோயாளிகளின் உடலுக்குள்ளேயே உடைந்தன. 2001 ஆகஸ்டில் அவை திரும்பப் பெறப்பட்டன. சுடும் முறையில் ஏற்பட்ட ஒரு மாற்றத்துக்கே இவ்வளவு விலை கேட்கும் பொருளை, இடுப்பு மூட்டைப் பொறுத்தவரை, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது தேர்வான கலப்புப் பீங்கானில் அலுமினாவே பெரும்பகுதி. கன அளவில் ஏறத்தாழ 17 விழுக்காடு சிர்கோனியா அதனுள் சிதறிக் கிடக்கிறது. விறைப்பான அலுமினா, சிர்கோனியாத் துகள்களை இறுக்கிப் பிடித்து உருமாற விடாமல் வைத்திருக்கிறது. சிர்கோனியா 16 விழுக்காட்டைத் தாண்டினால்தான் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு, நீர் தூண்டும் உருமாற்றச் சங்கிலி உள்ளே நீள வழி பிறக்கும். இந்தக் கலவை அந்த எல்லையைச் சற்றே தாண்டி நிற்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. மாற்று அறுவையில் எடுக்கப்பட்ட பந்துகளின் தேய்ந்த பகுதிகளில் உருமாற்றம் கூடுதலாகவே தெரிகிறது. ஆயினும் அது மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. சீரியா (சீரியம் ஆக்சைடு) சேர்த்த சிர்கோனியாவுடன் 30 விழுக்காடு அலுமினா கலந்த ஜப்பானிய வகை ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்குகிறது; அதன் பயன்பாடு பெரும்பாலும் பல் மருத்துவத்தில்தான்.

இங்கிலாந்து, வேல்ஸ் உள்ளிட்ட பகுதிகளின் தேசிய மூட்டுப் பதிவேட்டை வைத்து 2017இல் வந்த ஆய்வில், அலுமினாப் பந்துகளில் 0.119 விழுக்காடும் கலப்புப் பந்துகளில் 0.009 விழுக்காடும் உடைந்திருந்தன. பந்துக்குக் கலவையே என் தேர்வு என்பதற்கு இது போதும். பந்து அமரும் கிண்ணத்தின் உள்ளுறையாக அமையும் பீங்கானிலோ வேறுபாடு இல்லை: அலுமினாவில் 0.112, கலவையில் 0.126. கிண்ணம் சற்றே சாய்வாக அமர்ந்துவிட்டால் விளிம்பில் குவியும் விசையை எந்தக் கலவையும் போக்கிவிடாது. அங்கே பொருளைவிட, அதைப் பொருத்தும் அறுவை மருத்துவரின் கையையே நோயாளி நம்ப வேண்டியிருக்கிறது.