ஃபிட்டர் தாத்தாவின் டிரங்குப் பெட்டி: ஆல்பமா, ஸ்கேனரா, அருங்காட்சியகமா?

இரண்டாம் உலகப் போரின்போது இந்திய விமானப் படையில் ஃபிட்டராக, அதாவது விமானம் பழுதுபார்ப்பவராக, இருந்தவரின் டிரங்குப் பெட்டியில் பெரும்பாலும் இவைதான் கிடைக்கும்: உள்ளங்கை அளவு கறுப்பு வெள்ளைப் படங்கள், சில நெகடிவ்கள், சம்பளப் புத்தகம், ரிப்பன் வெளுத்த பதக்கங்கள், ஒன்றிரண்டு ஸ்பேனர்கள். உறவினர்கள் கூடியதும் மூன்று கட்சிகள் பிறந்துவிடும். ஆல்பத்தில் ஒட்டலாம் என்பார் ஒருவர், ஸ்கேன் செய்தால் போதும் என்பார் இன்னொருவர், அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பார் மூன்றாமவர். என் சின்னத் தாத்தாவின் பெட்டியை வைத்து எங்கள் வீட்டிலும் இந்த வாதம் நடந்தது. என்னைக் கேட்டால், ஸ்கேன்தான் முதல் வேலை. மற்ற இரண்டையும் பிறகு பேசலாம்.

ஆல்பத்தில், பிளாஸ்டிக் தாளை உரித்துப் படத்தை ஒட்டும் வகை கண்ணுக்கு அழகு, படத்துக்கு எமன். பசை மஞ்சளாகிப் படத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். பி.வி.சி. உறையும் வேண்டாம். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை, அமிலமற்ற அட்டைப்பெட்டி, வீட்டின் உள்சுவரை ஒட்டிய அலமாரி: இவ்வளவு போதும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வரும் என்பதால் பரண் கூடவே கூடாது. சுவரில் மாட்ட ஆசையிருந்தால் நகலை மாட்டுங்கள். அசல் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு.

ஸ்கேன் என்று வந்தால் கைபேசியா, தட்டை ஸ்கேனரா என்ற கேள்வி எழும். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குக் கைபேசிப் படம் தாராளமாகப் போதும். ஆனால் போர்க்காலப் படத்தின் சுவாரசியமே ஓரங்களில்தான் ஒளிந்திருக்கிறது. சிறிய பிரதியை 1200 டி.பி.ஐ.யில் (ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) ஸ்கேன் செய்து பெரிதாக்கினால், எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து நிற்பவருக்குப் பின்னால் விமானத்தின் வால்பகுதியில் இரண்டு எழுத்தும் மூன்று எண்ணுமாக ஒரு பதிவெண் தெரியலாம். அது கிடைத்தால் விமானத்தின் வரலாற்றையே தேடிப் பிடிக்கலாம். விமானத்தில் தீட்டியிருக்கும் வட்டச் சின்னத்தையும் பாருங்கள். ஜப்பானிய விமானங்களின் சிவப்பு வட்டத்தோடு குழம்பிவிடக் கூடாதென்று, பர்மா களத்தில் 1942-43 வாக்கில் நடுவிலிருந்த சிவப்பை நீக்கிவிட்டார்கள். நடுப்பகுதி வெளிறி இருந்தால், படம் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. கைபேசிப் படத்தில் இவையெல்லாம் மங்கலாகிவிடும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து, கோப்பை டிஃப் (TIFF) வடிவில் சேமிக்க வேண்டும். பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் குறித்துவிடுங்கள். பேனா வேண்டாம்.

நெகடிவ் மட்டும் தனிக்கதை. ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று அச்சிட்டிருந்தால் அச்சம் குறைவு. அந்தக் குறி இல்லாமல், பழுத்து, பிசுபிசுத்து இருந்தால் அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிமாக இருக்கக்கூடும். மற்றவற்றிலிருந்து பிரித்து, வெப்பம் படாமல் வையுங்கள்.

அருங்காட்சியகக் கட்சியில் நியாயம் இருக்கிறது, ஆனால் படங்களைவிடப் பொருட்களுக்கே அது பொருந்தும். டெல்லியில் பாலம் (Palam) என்ற இடத்தில் விமானப் படை அருங்காட்சியகம் இருக்கிறது. பெங்களூரில் விமானம் தயாரிக்கும் எச்.ஏ.எல். நிறுவனத்தின் பாரம்பரிய மையம் இருக்கிறது. 1940-இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1943-இல் அமெரிக்க விமானப் படையின் பழுதுபார்ப்புக் கூடமாக மாறியது. உங்கள் உறவினர் அங்கே வேலை பார்த்தவரென்றால் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அதுதான். பெட்டியில் விமானத்தின் அளவுமானி ஏதாவது கிடந்தால் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். இருட்டில் ஒளிர அக்காலத்தில் ரேடியம் பூசினார்கள். ஒளி என்றோ மங்கியிருக்கும், கதிர்வீச்சு இருக்கும். ரேடியத்தின் அரையாயுள் 1600 ஆண்டுகள். பதக்கங்களைப் பாலிஷ் போட்டுத் தேய்ப்பதும் தப்பு, அந்தக் கறுப்பும் வரலாற்றில் சேர்த்திதான்.

ஆக, கருவிகளும் பணி ஆவணங்களும் அருங்காட்சியகத்துக்குப் போகட்டும், அசல் படங்கள் வீட்டில் இருக்கட்டும் என்பது என் கணக்கு. தொகுப்பைப் பிரிக்கலாமா என்று ஆவணக் காப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்காகத்தான் ஸ்பேனரோடு படங்களின் முழுத் தெளிவு நகலையும், யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற குறிப்பையும் சேர்த்தே கொடுக்கச் சொல்கிறேன். கொடுத்ததெல்லாம் காட்சிக்கு வந்துவிடாது. பெரும்பகுதி கிடங்கில்தான் இருக்கும். நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன், குடும்பத்தார் வந்து பார்க்க முடியுமா, அருங்காட்சியகத்துக்கு வேண்டாமென்றால் திருப்பித் தருவார்களா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.