ஏழு வருஷ மைலேஜ் நோட்டு: மார்த்தாண்டம் ரோட்டில் என் ஸ்விஃப்ட்

2018 ஆவணியில் வண்டி எடுத்த நாள் முதல் ஒரு நோட்டு கிளவ் பாக்ஸிலேயே கிடக்கிறது. டேங்க் நிரப்பும்போதெல்லாம் தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய லிட்டர் மூன்றையும் எழுதிவிடுவேன். முதல் நோட்டு தீர்ந்து இரண்டாவதும் பாதிக்கு மேல் வந்துவிட்டது. வண்டி 1,06,000 ஓடியிருக்கிறது. பெட்ரோல் ஸ்விஃப்ட், 1.2 லிட்டர் எஞ்சின், கையால் போடும் கியர்.

இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வந்த பிறகு எங்கள் ஊரில் கல்யாண வீட்டுப் பந்தலில்கூட இதே பேச்சுதான். "மைலேஜ் எல்லாம் போச்சு, எண்ணெய் சரியில்ல" என்கிறார்கள். எண்ணெய் என்று இங்கே சொல்வது பெட்ரோலைத்தான். எண்ணெயால் குறைந்தது உண்மை, என் நோட்டிலும் அது பதிந்திருக்கிறது. ஆனால் எண்ணெயால் எனக்குப் போனது லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அதற்கு முன்னாலேயே நான் ஓட்டிய ஓட்டத்தால் மூன்று கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

முதலில் கணக்கு எடுக்கிற விதம். எப்போதும் ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப். ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தச் சொல்லிவிடுவேன். "ரவுண்டு பண்ணிடவா அண்ணே" என்று கேட்பார்கள், வேண்டாம் என்பேன். கழுத்து வரை ஊற்றினால் கணக்கும் தப்பும், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கிற கேனிஸ்டருக்குள் எண்ணெய் இறங்கி அதுவும் கெடும். மீட்டரில் காட்டும் மைலேஜை மட்டும் நம்பாதீர்கள். என் வண்டியில் அது நோட்டைவிட எப்போதும் ஒன்று, ஒன்றரை கூட்டியே காட்டுகிறது.

கம்பெனி சொன்னது லிட்டருக்கு 22 கிலோமீட்டர். அது ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் வண்டியை ஓட்டி, ஏசி போடாமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் எடுத்த கணக்கு. நான் தினமும் ஓடுவது மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு, போக வர கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். சுவாமியார்மடம், அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் என்று வீடும் கடையும் விடாமல் தொடரும் ரோடு. ஏற்றம், இறக்கம், வளைவு, நிறுத்தத்துக்கு நிறுத்தம் பஸ். போதாததற்கு ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் வரிசையாகப் போகும். இந்த ரோட்டில் முதல் ஒன்றரை வருஷம் எனக்குக் கிடைத்தது சராசரி 15.2.

2019 கடைசியில், 24,000 கிலோமீட்டரில், முன் சக்கரத்தில் கீச்சென்று சத்தம். பிரேக் பேடு முழுக்கத் தேய்ந்திருந்தது. சாதாரணமாக 40,000 வரை தாங்கும். தக்கலையில் எங்கள் மெக்கானிக் அண்ணன் பழைய பேடையும் புதுப் பேடையும் ஒரே உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புதியது விரல் கனம், பழையது அட்டை கனம்.

"சார், இந்தப் பேடுக்க கனத்தப் பாத்தியளா? தேஞ்சு போனது முழுக்க பெட்ரோலாக்கும். காசு குடுத்து ஓட வைக்கிய, பிறவு நீங்களே பிடிச்சு நிறுத்துதிய."

அன்று வீடு திரும்பும்போது ஒவ்வொரு பிரேக்கையும் எண்ணிக்கொண்டே வந்தேன். அழகியமண்டபத்தில் ஒரு பஸ்ஸை இரண்டாம் கியரில் முறுக்கி முந்தினால் இருநூறு மீட்டரில் டாரஸ் நிற்கிறது, அதன் வாலில் பிரேக். வாங்கின வேகம் முழுக்கச் சூடாகப் போய்விடுகிறது. பஸ்ஸும் அடுத்த நிமிஷம் பின்னால் வந்து நிற்கிறது.

பிறகு நான் மாற்றியது பெரிதாக ஒன்றுமில்லை. முன்னால் போகும் வண்டிக்கு இரண்டு வண்டி இடம் விட்டேன். பார்வை அதன் பின்விளக்கில் நிற்காமல் அதற்கும் முன்னால் போனது. எஞ்சின் சுற்று நிமிஷத்துக்கு 2,000 (ஆர்பிஎம்) ஆனதும் அடுத்த கியருக்கு மாற்றினேன். முன்னால் சிவப்பு விளக்கோ பஸ் நிறுத்தமோ தெரிந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து கியரிலேயே வண்டியைத் தவழவிட்டேன். மூன்று மாசத்தில், அதே ரோடு, அதே பங்க், சராசரி 18.3. மாசத்துக்கு 16 லிட்டர் மிச்சம். நாகர்கோவில் போய்ச் சேர ஆகிற நேரம் மூன்று நாலு நிமிஷம் கூடியிருக்கும், அவ்வளவுதான். இரண்டாவது செட் பேடு 47,000 ஓடியது.

இந்த "கியரிலேயே விடுவது" பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம்ம பக்கம் இறக்கம் வந்தால் நியூட்ரலில் போடுவது பழைய பழக்கம். கார்புரேட்டர் வண்டியில் அதற்கு அர்த்தம் இருந்தது. இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டியில் கியர் போட்டபடி ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டால் கம்ப்யூட்டர் எண்ணெயை அடியோடு நிறுத்திவிடும், சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க எண்ணெய் ஊற்றியே ஆக வேண்டும். அதாவது நியூட்ரலில்தான் செலவு. எஞ்சின் பிடியும் இல்லாமல் பேச்சிப்பாறை பக்கம் வளைவுகளில் அப்படி இறங்குவது ஆபத்தும்கூட. தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இனி எண்ணெய். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2020 வாக்கில் நாட்டில் விற்ற பெட்ரோலில் சராசரி 5 சதவீதம் எத்தனால், 2022ல் 10, 2025ல் 20. ஐந்திலிருந்து இருபது என்றால் பதினைந்து சதவீதக் கூடுதல், அதில் மூன்றில் ஒரு பங்கு சக்தி இழப்பு, ஆகக் கிட்டத்தட்ட 5 சதவீதம். என் நோட்டு 18.3லிருந்து 17.4க்கு வந்திருக்கிறது, அது ஏறக்குறைய அதே 5 சதவீதம். கணக்கும் நோட்டும் இப்படிப் பொருந்தியபோது எனக்கு ஒரு தெளிவு வந்தது. இ20 வந்து மைலேஜ் நாலைந்து கிலோமீட்டர் விழுந்துவிட்டது என்று யாராவது சொன்னால், டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் இழுவை, பிறகு ஓட்டுகிறவர் கால் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்வேன். அந்த அளவு எத்தனால் கணக்கில் அடங்காது.

அதற்காக இந்த 5 சதவீதத்தை லேசாகவும் நினைக்கவில்லை. நான் வாங்கும் லிட்டரில் சக்தி குறைந்திருக்கிறது, விலை அதற்கேற்பக் குறையவில்லை. அந்த வருத்தம் நியாயமானது.

களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் பெட்ரோல் விலை லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் கூடுதல் என்பதால் பாறசாலைக்காரர்கள் இங்கே வந்து நிரப்பிப் போகிறார்கள். நம்மவர்களில் சிலர் நேர்மாறாக, "அங்க உள்ள எண்ணெயாக்கும் நல்லது" என்பார்கள். நான்கு டேங்க் அங்கே அடித்து ஓட்டிப் பார்த்துவிட்டேன், நோட்டில் வித்தியாசம் இல்லை. வேறுபடுவது மாநில வரிதான். 95 ஆக்டேன் பிரீமியம் மூன்று டேங்க் அடித்தேன், அதிலும் ஒன்றும் தெரியவில்லை. ஆக்டேன் என்பது எஞ்சினுக்குள் பெட்ரோல் நேரத்துக்கு முன் தானாக வெடிக்காமல் தாங்குவதைக் காட்டும் எண். என் எஞ்சின் 91க்குச் செய்தது, அதற்கு மேல் இருப்பதை அது பயன்படுத்திக்கொள்ளாது.

ஒரே ஒரு தடவை உண்மையிலேயே கெட்ட எண்ணெய் கிடைத்தது. 2021 நவம்பர், கன்னியாகுமரி மாவட்டமே வெள்ளத்தில் கிடந்த வாரம். தாழ்வான இடத்தில் இருந்த ஒரு பங்க்கில் அடித்தேன். ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது, எஞ்சின் விளக்கு எரிந்தது, பிறகு நின்றேவிட்டது. டேங்கிலிருந்து இறக்கிய எண்ணெயை மெக்கானிக் அண்ணன் ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார். நடுவில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. மேலே தெளிந்த பெட்ரோல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கஞ்சித் தண்ணீர் மாதிரிக் கலங்கல். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். நம்முடையது இரண்டு பருவ மழையும் பெய்கிற மாவட்டம். பெருமழை கழிந்த இரண்டு மூன்று நாள் பள்ளத்தில் உள்ள பங்க்குகளைத் தவிர்க்கிறேன். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு விட்டுக் கறை படிகிறதா என்று பார்க்க ஃபில்டர் பேப்பர் கேட்கலாம், 5 லிட்டர் அளவுக் குடுவையில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம், அன்றைய அடர்த்தியைக் கேட்கலாம். பங்க்காரர்கள் காட்டியே ஆக வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை மட்டுமே கூடக் குறைய இருக்கலாம். பில்லும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அன்று என்னிடம் பில் இல்லாததால் நஷ்டம் முழுக்க எனக்கே.

காற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேலைக்காற்று எப்படி அடிக்கும் என்று முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதைப் பார்த்தாலே தெரியும். நாலு வழிச் சாலையில் திருநெல்வேலி போகும்போது அது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். போகையில் 22 காட்டிய மீட்டர், அதே 80 வேகத்தில் திரும்புகையில் 18ஐத் தாண்டாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும், 80லிருந்து 100க்குப் போனாலே ஒன்றரை மடங்குக்கு மேல். அதனால் ஆடியில் திரும்பி வரும்போது காவல்கிணறு தாண்டியதும் 70க்கு இறங்கிவிடுகிறேன்.

பிள்ளையைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர் போய் வந்த மாசங்களில் 11தான் கிடைத்தது. எஞ்சின் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடும். இப்போது அதற்கு ஸ்கூட்டர்.

இ20 வருவதற்கு முன் செய்த 2018 வண்டி என்பதால் அதற்கு ரப்பர் பாகங்கள் எப்படித் தாங்குகின்றன என்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கிறேன். போன மாசம் ஃபியூல் ஹோஸை வளைத்துப் பார்த்தபோது கிளாம்ப் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு இரண்டு தெரிந்தது. கசிவு இல்லை, வாடையும் இல்லை. ஏழு வருஷச் சூட்டில் வந்ததாகவும் இருக்கலாம். தக்கலை அண்ணனிடம் சொல்லிப் புது ஹோஸுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன், ஐப்பசி மழைக்கு முன் மாட்டிவிடுவோம் என்றார்.